கேஎல்சிசி, புக்கிட் பிந்தாங், டிஆர்எக்ஸ்: ரயிலில் போய், உள்ளே நடந்து, வேறு ரயிலில் திரும்புவதற்கு ஒரு முழு வழிகாட்டி

மதுரையிலிருந்து சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் நான் செய்யும் முதல் வேலை, சாப்பாட்டு மேசையில் ஒரு டிஷ்யூ பேப்பரை விரித்து கோலாலம்பூர் ரயில் பாதையைக் கிறுக்கிக் காட்டுவதுதான். கேஎல்சிசியில் இரட்டைக் கோபுரம் பார்க்கணும், அப்புறம் புக்கிட் பிந்தாங்கில் கடைகடையாக ஏறி இறங்கணும், முடிந்தால் டிஆர்எக்ஸில் அந்தப் புது ஷாப்பிங் மாலையும் பார்க்கணும். எல்லாருடைய பட்டியலும் இதேதான். டிஷ்யூ கிழிந்து கிழிந்து அலுத்துவிட்டதால் இந்த முறை எழுதியே வைத்துவிடுகிறேன். நான் கிள்ளான்காரன், கார் இருக்கிறது, ஆனாலும் இந்த மூன்று இடங்களுக்கும் காரில் போவதை எப்போதோ விட்டுவிட்டேன். சாயங்காலம் 5 மணிக்கு அங்கே ஒருமுறை மாட்டிக்கொண்டு பாருங்கள், நீங்களும் விட்டுவிடுவீர்கள்.

முதலில் ஒரு விஷயம். ரயில் வரைபடத்தில் கேஎல்சிசி ஒரு நிறக் கோட்டிலும் புக்கிட் பிந்தாங், டிஆர்எக்ஸ் வேறு நிறக் கோட்டிலும் கிடப்பதால், மூன்றும் தூரம் தூரமாக இருப்பதுபோல் தோன்றும். அப்படி இல்லை. கேஎல்சிசியிலிருந்து புக்கிட் பிந்தாங்குக்குக் குளிர்சாதனம் போட்ட நடைபாலத்திலேயே போய்விடலாம், அங்கிருந்து டிஆர்எக்ஸ் ஒரே ஒரு நிறுத்தம். இது தெரியாத காலத்தில் சித்தியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கேஎல்சிசியில் திரும்பவும் எல்ஆர்டி நகர ரயில் ஏறி, நான்கு நிறுத்தம் பின்னால் பசார் செனி வந்து, அங்கே எம்ஆர்டி என்ற இன்னொரு நகர ரயிலுக்கு மாறி, இரண்டு நிறுத்தம் போய் புக்கிட் பிந்தாங்கில் இறங்கினேன். முக்கால் மணி நேரம் போனது. மேலே வந்து பார்த்தால், புறப்பட்ட இடத்துக் கோபுரம் தலைக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரிக்கிறது. சித்தி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

அதனால் திட்டம் இதுதான்: எல்ஆர்டியில் கேஎல்சிசி போங்கள், அங்கிருந்து பெவிலியன் மால் வழியாக நடந்து புக்கிட் பிந்தாங் போங்கள், திரும்பும்போது எம்ஆர்டியில் வாருங்கள். போன வழியே திரும்பாதீர்கள்.

கார்டு

டச் என் கோ கார்டு ஒன்று வேண்டும். தலைக்கு ஒன்று, ஒரே கார்டை நான்கு பேர் மாற்றி மாற்றித் தட்ட முடியாது. எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேப்பிட் கேஎல் பேருந்து, புறநகர் ரயிலான கொமுட்டர் எல்லாவற்றுக்கும் இதுவே போதும். கார்டு விற்கும் இடத்தில் தீர்ந்துபோன நாட்களும் உண்டு, கவலை வேண்டாம். நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் போகும் இடத்தைத் தொட்டு, காசு போட்டால், நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டோக்கன் விழும். கேரம் காய் மாதிரி இருக்கும். உள்ளே நுழையும்போது அதைத் தட்ட வேண்டும், வெளியே வரும்போது துளையில் போட வேண்டும். நடுவில் தொலைத்துவிடாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுத்துவைக்காதீர்கள். ரொக்கம் கொடுத்து டோக்கன் எடுப்பதைவிடக் கார்டில் கட்டணம் கொஞ்சம் குறைவு, வரிசையில் நிற்கும் நேரமும் மிச்சம். இயந்திரத்தில் பெரிய நோட்டைத் திணித்துப் பின்னால் நிற்பவர்களின் சாபத்தை வாங்க வேண்டாம், 1 வெள்ளி, 5 வெள்ளி நோட்டாக வைத்திருங்கள். (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம். ஊரிலிருந்து வரும் சொந்தங்கள் முதல் நாள் முழுக்க நகைக்கடை விலை பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.)

மலேசியக் குடிமக்களாக இருந்து மாதம் முழுக்க ஓடுபவர்கள் என்றால் மை50 பாஸ் இருக்கிறது, 50 வெள்ளிக்கு 30 நாள், ரேப்பிட் கேஎல் ரயில் பேருந்து எல்லாம். சுற்றுலா வந்தவர்களுக்கு அது கிடையாது.

எங்கிருந்து கிளம்பினாலும் கேஎல் சென்ட்ரல்

அனேகமாக எல்லாரும் நகரின் முக்கிய ரயில் சந்திப்பான கேஎல் சென்ட்ரல் வந்துதான் போவீர்கள். கிள்ளானிலிருந்தோ கிள்ளான் துறைமுகத்திலிருந்தோ வந்தால் கேடிஎம் கொமுட்டர். பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு, ஆண்கள் தெரியாமல் ஏறி நெளிய வேண்டாம், ரோஸ் நிற அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈப்போ பக்கமிருந்து இடிஎஸ் விரைவு ரயில். பத்துமலையில் காலையிலேயே முருகனைப் பார்த்து 272 படியும் ஏறி இறங்கிவிட்டு வருகிறவர்களுக்கும் அங்கிருந்தே கேஎல் சென்ட்ரலுக்குக் கொமுட்டர் இருக்கிறது. ஆனால் கொமுட்டர் எல்ஆர்டி மாதிரி நிமிடத்துக்கு நிமிடம் வராது, நேரம் பார்த்துப் போகாவிட்டால் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து புறா எண்ண வேண்டியதுதான்.

வெளியூர்ப் பேருந்தில் டிபிஎஸ் பேருந்து நிலையத்தில் வந்து இறங்குபவர்கள் கேஎல் சென்ட்ரல் போக வேண்டியதே இல்லை. பக்கத்திலேயே பண்டார் தாசேக் செலாத்தான் நிலையம், அங்கே ஸ்ரீ பெட்டாலிங் வழித்தட எல்ஆர்டி ஏறி மஸ்ஜித் ஜாமேக்கில் மாறினால், மூன்றாவது நிறுத்தம் கேஎல்சிசி.

விமான நிலையத்திலிருந்து நேராக வருகிறவர்களுக்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடத்தில், இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடத்தில், எங்கும் நிற்காமல் கேஎல் சென்ட்ரல் கொண்டுவந்து விடும். கட்டணம் 55 வெள்ளி. தனி ஆள், அவசரம் என்றால் சரி. நான்கு பேர் என்றால் 220 வெள்ளி, அதற்கு கிராப் செயலியில் பிடிக்கும் காரிலேயே வந்துவிடலாமே என்று தோன்றும், வரலாம்தான். ஆனால் பலர் கவனிக்காத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதே தண்டவாளத்தில் ஓடும் கேஎல்ஐஏ டிரான்சிட் ரயிலில் ஏறி, கேஎல் சென்ட்ரல் வரை போகாமல் புத்ராஜெயா நிலையத்திலேயே இறங்கிவிடுங்கள். அங்கே எம்ஆர்டி புத்ராஜெயா வழித்தடம் தொடங்குகிறது. 2023 மார்ச்சில் இந்தத் தடம் முழுதாகத் திறந்த பிறகுதான் இது சாத்தியமானது. அந்த ரயில் டிஆர்எக்ஸ், கொன்லே, பெர்சியாரான் கேஎல்சிசி என்று நாம் போக வேண்டிய வட்டாரத்துக்குள்ளேயே வரிசையாக நிற்கும். செலவு 55 வெள்ளியில் பாதிகூட வராது. நேரம் அதிகம், நின்று நின்று வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி வரை டிரான்சிட்டிலேயே உட்கார்ந்து கேஎல் சென்ட்ரல் வந்தால் அதற்கும் அதே 55 வெள்ளிதான், அதனால் தூங்கிவிடாதீர்கள்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம். கேஎல்சிசி நிலையம் வேறு, பெர்சியாரான் கேஎல்சிசி நிலையம் வேறு. முதலாவது எல்ஆர்டி, கோபுரத்தின் அடியில் உள்ள சூரியா மாலின் அடித்தளத்திலேயே கொண்டுவிடும். இரண்டாவது எம்ஆர்டி, பூங்கா ஓரமாக வெளியே வருவீர்கள். நண்பர்களிடம் "கேஎல்சிசி ஸ்டேஷனில் சந்திப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு மூலையில் நின்று போனில் சண்டை போடுவது இங்கே வாடிக்கை.

எல்ஆர்டியில் ஏறுவது

கேஎல் சென்ட்ரலில் கெலானா ஜெயா வழித்தடம். கோம்பாக் என்று போட்டிருக்கும் பக்கம் ஏற வேண்டும், புத்ரா ஹைட்ஸ் பக்கம் ஏறினால் நகரத்தை விட்டு வெளியே போய்விடுவீர்கள். அப்புறம் பசார் செனி, மஸ்ஜித் ஜாமேக், டாங் வாங்கி, கம்போங் பாரு, ஐந்தாவது கேஎல்சிசி. பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான்.

ஓட்டுநர் இல்லாத ரயில் இது, 1998இலிருந்தே இப்படித்தான் ஓடுகிறது. பிள்ளைகள் கூட இருந்தால் முதல் பெட்டியின் முன் கண்ணாடியைப் பிடித்துவிடுங்கள். பசார் செனி வரை மேம்பாலத்தில் ஆற்றையும் பழைய கட்டடங்களையும் பார்த்துக்கொண்டே வந்து, அதைத் தாண்டியதும் ரயில் அப்படியே சரிந்து நிலத்துக்குள் நுழையும். என் தங்கை மகன் அதற்காகவே மூன்று முறை போய்வரலாமா என்று கேட்டான். பெரியவர்களுக்கும் ஆசைதான், கேட்க மாட்டார்கள்.

காலை 7 முதல் 9, மாலை 5 முதல் 7 இந்த ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம். கேஎல்சிசி என்பது சுற்றுலாக்காரர்களுக்குக் கோபுரம், இங்கே இருப்பவர்களுக்கு ஆபீஸ். தள்ளுவண்டியில் குழந்தை, கையில் பெட்டி என்று அந்த நேரத்தில் உள்ளே நுழைவது உங்களுக்கும் கஷ்டம், அவர்களுக்கும் கஷ்டம்.

நாலைந்து மலாய்ச் சொல் தெரிந்தால் வழி கேட்கவே வேண்டாம். கெலுவார் என்றால் வெளியே, மாசுக் என்றால் உள்ளே, தண்டாஸ் என்றால் கழிவறை, அதில் லெலாக்கி ஆண், பெரம்புவான் பெண். ரயிலில் "ஸ்டேசன் பெரிக்குட்ஞா" என்று குரல் வந்தால் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லப்போகிறார்கள், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

கேஎல்சிசியில்

எந்த நேரத்தில் போய்ச் சேர்வது என்பதுதான் இந்த நாளையே தீர்மானிக்கும். என் கணக்கு: மதியம் 2 மணி வாக்கில் சேருங்கள். கோலாலம்பூரில் மதியத்துக்கு மேல் மழை கொட்டுவது சகஜம், கொட்டினால் வானமே தெரியாது. அந்த நேரம் சூரியா மாலுக்குள் இருங்கள். மழை விட்டபின் வெளியே வந்து படம் எடுங்கள், இருட்டியதும் கோபுர விளக்கையும் பின்பக்க ஏரியில் இசைக்கு ஆடும் நீரூற்றையும் பாருங்கள், அப்புறம் நடக்க ஆரம்பியுங்கள். நீரூற்றுக் காட்சி இரவு 8 மணிக்குத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை. காலையிலேயே வந்து 12 மணி வெயிலில் அண்ணாந்து பார்ப்பவர்களை நினைத்தால் பாவமாக இருக்கும்.

கோபுரம் பற்றி எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும்: 452 மீட்டர், 88 மாடி, சீசர் பெல்லி வடிவமைத்தது, 1998 முதல் 2004இல் தைப்பே 101 வரும் வரை உலகிலேயே உயரம். ஒரு காலத்தில் இந்த இடம் குதிரைப் பந்தய மைதானம். ஒரு கோபுரத்தை ஜப்பானியக் குழுவும் மற்றொன்றைக் கொரியக் குழுவும் போட்டி போட்டுக் கட்டின. நடுவில் இருக்கும் பாலம் 41, 42ஆம் மாடிகளில், தரையிலிருந்து 170 மீட்டர் உயரத்தில். மேலே ஏற டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள், திங்கட்கிழமை மூடியிருக்கும். இது தெரியாமல் திங்களன்று வந்து, "பரவாயில்லை, கீழேயிருந்தே நல்லாத்தான் இருக்கு" என்று தங்களையே தேற்றிக்கொள்பவர்களை வாராவாரம் பார்க்கலாம். ஏற வேண்டுமா என்று என்னைக் கேட்டால், ஒருமுறை ஏறலாம். இரண்டாவது முறை அந்தக் காசுக்கு நல்ல சாப்பாடு.

முழுக் கோபுரமும் படத்தில் விழ வேண்டுமென்றால் ஏரிப் பக்கம் நிற்காதீர்கள், முன்வாசல் பக்கம், ஜாலான் அம்பாங் சாலையை ஒட்டிப் போங்கள். அங்கே போனுக்கு மாட்டும் லென்ஸ் விற்பவர்கள் சுற்றிக்கொண்டு வருவார்கள், வேண்டாமென்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

சூரியா மாலில் பெரிய பிராண்டுக் கடைகளை வேடிக்கை பார்க்கலாம், வாங்குவது உங்கள் பர்ஸின் பாடு. நான் போனால் நாலாவது மாடியில் கினோகுனியா புத்தகக் கடைக்குள் நுழைந்து வெளியே வர மாட்டேன். பிள்ளைகளுக்கு அதே மாடியில் பெட்ரோசைன்ஸ் அறிவியல் கூடம் இருக்கிறது, நாலு மணி நேரம் விழுங்கிவிடும், அதனால் அதைத் தனி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் 50 ஏக்கர் பூங்கா, அதில் குழந்தைகள் இறங்கி விளையாட ஆழமில்லாத தண்ணீர்த் தொட்டி, இலவசம். மாற்றுத்துணி எடுத்துப்போங்கள்.

நேரம் இருந்தால் சலோமா பாலத்தையும் எட்டிப் பார்க்கலாம். 2020இல் திறந்த நடைபாலம், 69 மீட்டர் நீளம், கேஎல்சிசி பக்கத்தையும் கம்போங் பாருவையும் இணைக்கிறது. இதன் வடிவம் வெற்றிலை அடுக்கு, மலாய்க் கல்யாணத்தில் வைக்கும் சிரே ஜுஞ்சோங் என்ற வெற்றிலைக் கொத்து. என் அத்தை அதைப் பார்த்துவிட்டு "நம்ம வீட்டுத் தாம்பூலத் தட்டு மாதிரியே இருக்கேடா" என்றார், கோபுரத்தைவிட அதைத்தான் ஊரில் போய் அதிகம் பேசினாராம்.

நடைபாலம்

இதுதான் விஷயமே. சூரியா மாலின் கீழ்த்தளத்தில் அக்வேரியா (மீன் காட்சியகம்), கன்வென்ஷன் சென்டர் என்று போட்ட அம்புக்குறியைப் பிடியுங்கள். ஒரு சுரங்கப்பாதை பூங்காவுக்கு அடியிலேயே உங்களைக் கன்வென்ஷன் சென்டருக்குக் கொண்டுபோகும். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. அங்கே மேலே ஏறி, பெவிலியன், புக்கிட் பிந்தாங் என்ற பலகையைப் பின்தொடர்ந்தால் கண்ணாடி போட்ட, குளிர்சாதனம் போட்ட பாலம் வரும். இதைத் திறந்தது 2012இல். சாலைக்கு மேலே, கட்டடங்களுக்கு நடுவே, கீழே கார்கள் நகராமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடந்தால் நேராகப் பெவிலியன் மாலுக்குள் வந்துவிடுவீர்கள். நிதானமாக நடந்தால் இருபது நிமிடம். கிராப் போட்டால் மழை நாளில் கார் வருவதற்கே அந்த நேரம் ஆகும், விலையும் எகிறும்.

இரவு முழுக்கத் திறந்திருக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், 9 மணி நீரூற்றைப் பார்த்த கையோடு கிளம்பிவிடுவது நல்லது. மூட்டுவலிக்காரர்களுக்கு ஒரு கிலோமீட்டர் அதிகம் என்றால் கோகேஎல் பேருந்தின் பச்சை வழித்தடம் கேஎல்சிசிக்கும் புக்கிட் பிந்தாங்குக்கும் ஓடுகிறது, மலேசியர்களுக்கு இலவசம். ஆனால் சாயங்கால நெரிசலில் அதுவும் மற்ற வண்டிகளோடு சேர்ந்துதான் நிற்கும்.

புக்கிட் பிந்தாங்

பெவிலியனை விட்டு வெளியே வந்ததும் சத்தம் மாறிவிடும். தெருவில் பாட்டுக்காரர்கள், கூட்டம், விளக்கு. வலது இடது பார்க்காமல் எல்லா மாலுக்குள்ளும் நுழைந்தால் கால்தான் வீங்கும், எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். போன், கணினிச் சாமான் என்றால் லோ யாட் பிளாசா, விலை பேசலாம், பேசாமல் வாங்காதீர்கள். மலிவான துணிமணி, சின்னச் சின்னக் கடைகள் என்றால் 1977இலிருந்து நிற்கும் சுங்கை வாங். பழைய மால்கள் சிலவற்றில் கழிவறைக்குச் சில்லறை கேட்பார்கள், இருபது ஐம்பது காசு கையில் இருக்கட்டும்.

சாப்பிட ஜாலான் அலோர். தெரு முழுக்க மேசை போட்டு, புகையும் வறுவலுமாக ராத்திரியில்தான் களைகட்டும். சீன, தாய்லாந்துச் சாப்பாடு, டுரியான். அசைவக்காரர்களுக்குக் கொண்டாட்டம், சைவக்காரர்களுக்குத் திண்டாட்டம். உட்காரும் முன் விலைப்பட்டியலைப் பாருங்கள், மீனும் இறாலும் எடைக்கு விலை. அம்மா மாதிரி சுத்த சைவம் யாராவது கூட இருந்தால் இங்கே மெனக்கெடாதீர்கள், பழச்சாறு வாங்கிக்கொடுத்துப் பசியைக் கட்டிப்போட்டு, நம் ஊர்க் கடைகள் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் கூட்டிப்போங்கள். அதற்குத்தான் வருகிறேன்.

டிஆர்எக்ஸ், தெம்பு இருந்தால்

புக்கிட் பிந்தாங் எம்ஆர்டியில் காஜாங் பக்கம் போகும் ரயிலில் ஒரே நிறுத்தம். 2023 நவம்பரில் திறந்த எக்ஸ்சேஞ்ச் டிஆர்எக்ஸ் மால் நிலையத்தோடு ஒட்டியே இருக்கிறது. சுற்றிலும் வங்கிகளின் கோபுரங்கள், அவற்றில் பெரியது எக்ஸ்சேஞ்ச் 106. மலேசியாவின் முதல் ஆப்பிள் கடை 2024 ஜூனில் இங்கேதான் திறந்தது. எனக்குப் பிடித்தது மாலின் கூரை மேல் இருக்கும் 10 ஏக்கர் பூங்கா. ஆபீஸ் விட்டவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளைகள் ஓடும். கடைகள் பெரும்பாலும் விலை கூடியவை. இரண்டு மால் பார்த்த களைப்பில் மூன்றாவதாக இங்கே இழுத்து வந்தால் யாருக்கும் ரசிக்காது, இன்னொரு நாள் சாயங்காலம் இதை மட்டும் பார்க்க வரலாம்.

திரும்புவது

டிஆர்எக்ஸிலோ புக்கிட் பிந்தாங்கிலோ, குவாசா டாமான்சாரா என்று போட்ட பக்கம் எம்ஆர்டி ஏறுங்கள். புக்கிட் பிந்தாங்கிலிருந்து மெர்டேக்கா, பசார் செனி, மூன்றாவது முசியம் நெகாரா. வழியில் மெர்டேக்கா நிலையத்துக்குப் பக்கத்திலேதான் 678.9 மீட்டர் மெர்டேக்கா 118 கோபுரம் நிற்கிறது, நீங்கள் நிலத்துக்கு அடியில் இருப்பதால் தெரியாது. கேஎல் சென்ட்ரல் என்ற பெயரில் எம்ஆர்டி நிலையம் கிடையாது, இதைத் தேடித் தேடித்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முசியம் நெகாராவில் இறங்கி, கேஎல் சென்ட்ரல் என்று போட்ட நடைபாதையில் சில நிமிடம் நடந்தால் உள்ளே வந்துவிடலாம். பசார் செனியில் இறங்கி எல்ஆர்டிக்கு மாறுவதும் நடக்கும், ஆனால் ஒரு நிறுத்தத்துக்காகப் படி ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

மோனோரயிலும் புக்கிட் பிந்தாங்கிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு வருகிறது. சின்னப் பெட்டி, கூட்டம் சீக்கிரம் சேர்ந்துவிடும், ஆனால் கட்டடங்களுக்கு நடுவே மேலேயே வளைந்து வளைந்து போகும், வேடிக்கை பார்க்க அதுதான் நல்லது. அதன் முடிவுக்கு ஒரு நிறுத்தம் முன்னால் துன் சம்பந்தன் என்று நம் ஆள் பெயரில் ஒரு நிலையம் இருக்கிறது, அமைச்சராக இருந்த தலைவர் வீ. தி. சம்பந்தன். அறிவிப்பில் அந்தப் பெயர் கேட்டதும் ஊரிலிருந்து வந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கேஎல் சென்ட்ரலிலிருந்து நூ சென்ட்ரல் மால் வழியாக வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ். துன் சம்பந்தன் சாலை நெடுக பூக்கடை, புடவைக்கடை, பலகாரக்கடை. வாழை இலைச் சாப்பாடு மதியத்தில்தான் நன்றாக இருக்கும், ராத்திரி போனால் தோசையோ இடியாப்பமோ ரொட்டி சானாயோ சொல்லி, கூடவே ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் டீ). இந்த நேரத்தில் அம்மாவின் முகத்தில் வெளிச்சம் வரும். கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: எல்ஆர்டி, எம்ஆர்டி நள்ளிரவு வாக்கு வரை ஓடும், கொமுட்டர் அதற்கும் முன்பே முடிந்துவிடும். கிள்ளான் பக்கம் போகிறவர்கள் தோசைக்குச் சொல்லும் முன்பே கடைசி கொமுட்டர் எத்தனை மணிக்கு என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது தே தாரிக் சொல்லலாமா வேண்டாமா என்பது அதைப் பொறுத்தது.